சாக்லேட் உருண்டைக்குப் பாரஃபின் மெழுகு: போடலாமா, கூடாதா?

கேள்வி: பெருந்துறை வாசகி, மார்ச் 14, 2025

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் என் அக்கா ஒரு செய்முறை அனுப்பியிருக்கிறாள். நிலக்கடலை விழுதோடு வெண்ணெயும் சர்க்கரைப் பொடியும் பிசைந்து உருண்டை பிடித்து, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுக்க வேண்டும். சாக்லேட் 12 அவுன்ஸ், அதனுடன் பாரஃபின் மெழுகு அரைக் கட்டி. மெழுகு சேர்த்தால் பளபளப்பாக இருக்கும், கையில் ஒட்டாது என்கிறாள். சித்திரையில் அண்ணன் மகளுக்குக் காது குத்து. சீர்த் தட்டில் வைக்க நானே செய்யலாம் என்று ஆசை. மண்டபத்தில் ஏசி கிடையாது. இங்கே மளிகைக் கடையில் மெழுகுவத்திதான் கிடைக்கிறது. வாசனை இல்லாத வெள்ளை மெழுகுவத்தியைச் சீவிப் போட்டால் ஆகாதா?

மார்ச் 14, இரவு

ஆகாது.

மார்ச் 15

ஒரே சொல்லில் முடித்துவிட்டேன் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். சரி, நீளமாகவே சொல்கிறேன்.

நான் சூலூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் கோன் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பனியன் துணிக்குப் போகும் நூலைக் கோனில் சுற்றும்போது ஒரு மெழுகு வட்டின் மேல் உரசிக்கொண்டு போகும்படி விடுவோம். நிட்டிங் எந்திரத்தின் ஊசிகளில் நூல் சிக்காமல் வழுக்கிப் போக அது வேண்டும். பிறகு சாயப் பட்டறையில் கழுவிப் போய்விடும். அந்த வட்டு பெரும்பாலும் பாரஃபின்தான். ஆகவே சாக்லேட்டைவிட மெழுகோடு எனக்குப் பழக்கம் அதிகம். சாக்லேட் பிற்பாடு வந்த பைத்தியம். ஆனைமலைப் பக்கம் மச்சானுடைய தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கொக்கோ நிற்கிறது. அது வந்த வழி.

பாரஃபின் என்பது கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் மெழுகு. எவ்வளவு சுத்திகரிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமும் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு சற்று மிச்சமிருக்கும் அரைகுறைச் சுத்திகரிப்பு ஒரு தரம். முழுச் சுத்திகரிப்பு அடுத்தது. அதற்கும் மேலே உணவுத் தரம்: புற்றுநோய்க்கு வழிவகுக்கும் பி.ஏ.எச். என்னும் பல்வளையச் சேர்மங்கள் எஞ்சியிருக்கின்றனவா என்று சோதித்துத் தேறினால்தான் அந்தப் பெயர். சூயிங் கம்மின் அடிப்பொருளிலும், பாலாடைக் கட்டியின் மேல்தோலிலும் வருவது அது.

மெழுகுவத்தி எரிப்பதற்குச் செய்தது. மலிவான தர மெழுகு, கெட்டிப்படவும் வெளுக்கவும் ஸ்டியரிக் அமிலம், முந்தைய வார்ப்பில் மிஞ்சிய துண்டுகள் எல்லாம் அதில் போகலாம். யாரும் தின்னப்போவதில்லை என்ற எண்ணத்தில் செய்யும் பொருளிடம் நாம் போய்ச் சுத்தம் கேட்க முடியாது. வாசனை இல்லை என்பதால் அது உணவாகிவிடவும் செய்யாது.

மார்ச் 15, மாலை

அக்கா அனுப்பிய பண்டம் ஒஹையோவில் பேர்போனது. அங்கே 'பக்ஐ' என்று ஒரு மரம், அந்த மாநிலத்தின் மரமே அதுதான். அதன் கொட்டை கரும்பழுப்பாக, ஒரு பக்கம் மட்டும் வெளுத்த வட்டத்தோடு இருக்கும். உருண்டையை முழுக்க முக்காமல் தலையில் கொஞ்சம் வெளியே விட்டால் அந்தக் கொட்டையின் சாயல் வந்துவிடும். பேரும் அதுவே. அங்கே மளிகைக் கடையில் ஒரு பவுண்டுப் பெட்டியில் நான்கு கட்டிகளாக வீட்டு உபயோகப் பாரஃபின் கிடைக்கும். அந்த ஊர்ப் பாட்டிமார் ஜாம் சீசாவின் வாயை அடைக்கவும் அதைத்தான் ஊற்றினார்கள். இன்று ஜாமுக்கு அந்த முறை வேண்டாம் என்று அந்நாட்டு வேளாண் துறையே சொல்கிறது. மெழுகு சுருங்கி விளிம்பில் இடைவெளி விழுந்து பூஞ்சை ஏறிவிடுகிறது. மிட்டாய்க்கு மட்டும் பழக்கம் நின்றிருக்கிறது.

அம்மணி கவனிக்க வேண்டியது 'அரைக் கட்டி' என்பது. ஒரு கட்டி 4 அவுன்ஸ், ஏறத்தாழ 113 கிராம். அரைக் கட்டி 57. சாக்லேட் 340 கிராம். கூட்டினால் மேல்பூச்சில் ஏழில் ஒரு பங்கு மெழுகு! கால் கட்டி போதும் என்கிற செய்முறைகளும் உண்டு, அது எட்டு சதவீதம் போல வரும். ஓர் உருண்டையில் 7 கிராம் பூச்சு ஒட்டுகிறது என்று வைத்தால், அரைக் கட்டிக் கணக்கில் ஓர் உருண்டைக்கு ஒரு கிராம் மெழுகு. நம் வீட்டில் ஓர் உருண்டையோடு கையை எடுக்கும் ஆள் யார்?

மார்ச் 16

கரூர் நண்பர்: "ஒரு கிராம் மெழுகு வயிற்றுக்குள் போனால் கட்டியாகிவிடாதா?"

ஆகாது. உடல் அதைச் செரிக்காது, பெரும்பகுதி அப்படியே கழிவோடு வெளியே போய்விடும். மெழுகைத் துண்டு துண்டாகத் தின்னும் பழக்கம் பிடித்தவர்களுக்குத்தான் குடல் அடைப்பு வரை போயிருக்கிறது. ஆனால் 'பெரும்பகுதி' என்று சொன்னேன், 'முழுவதும்' என்று சொல்லவில்லை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், உருகுநிலை குறைந்த மெழுகுகள் கல்லீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் தங்கின. அதனால்தான் உணவுச் சேர்பொருள்களைப் பரிசீலிக்கும் சர்வதேச நிபுணர் குழு, உருகுநிலை கூடிய நுண்படிக மெழுகுக்கு மட்டும் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வரை என்று ஒரு வரம்பு வைத்தது. நம் பாரஃபின் போன்ற இளகின வகைக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. தந்திருந்தாலும், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வரம்பு 300 மில்லிகிராம். மேலே சொன்ன ஓர் உருண்டையில் மூன்றில் ஒரு துண்டு. காது குத்து வீட்டில் உருண்டையை அதிகம் தின்னப்போவது யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 16, பிற்பகல்

இன்னொருவர்: "எங்கள் அப்பாரு மலச்சிக்கலுக்கு இரவுதோறும் லிக்விட் பாரஃபின் குடித்தார். தொண்ணூறு வயது வரை இருந்தார். மெழுகு என்ன செய்யும்?"

அப்பாரு குடித்தது மருத்துவர் அளந்து கொடுத்த எண்ணெய். அதையும் வெகுநாள் குடித்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று மருந்துப் புத்தகத்திலேயே இருக்கிறது. பேதி மருந்தை ஆதாரமாகக் காட்டி மிட்டாய் செய்யச் சொன்னவர் எனக்குத் தெரிந்து நீங்கள்தான்.

மார்ச் 18

இதுவரை எல்லாரும் வயிற்றைப் பற்றியே கேட்கிறீர்கள். அடுப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மெழுகில் உடனடி ஆபத்து அங்கேதான்.

ஆலையில் உடைந்த மெழுகு வட்டுகள் மூட்டையாகச் சேரும். அவற்றை உருக்கி மறுபடியும் வட்டாக வார்க்கலாம் என்று ஒரு மேஸ்திரிக்கு யோசனை வந்தது. கேன்டீன் அடுப்பில் டால்டா டின்னை நேராக வைத்து உருக்கினார். நன்றாகத்தான் உருகியது. இரண்டாம் ஷிப்ட் ஆள்களோடு பேசிக்கொண்டு நின்றதில் டின்னை மறந்துவிட்டார். முதலில் வெள்ளைப் புகை. பிறகு டின்னின் வாயில் தீ. பக்கத்தில் இருந்த பையன் பயந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீரை வீசினான். தீ கூரை ஓடு வரைக்கும் எழுந்தது. ஃபிட்டர் ஒருவர் ஓடிவந்து வாணலி மூடியால் டின்னை அமுக்கி, வால்வைத் திருகினார். இரண்டு பேருக்குப் புருவம் போனது, அவ்வளவோடு தப்பித்தோம்.

நடந்தது என்னவென்றால், பாரஃபின் 50 முதல் 65 டிகிரிக்குள் உருகிவிடும். கொதிக்காது, குமிழி விடாது, சத்தம் போடாது. பேசாமல் சூடேறிக்கொண்டே போகும். 200 டிகிரியை நெருங்கினால் அதன் ஆவி தீப்பற்றத் தயார். அந்த நிலையில் விழும் தண்ணீர் அடியில் இறங்கி நொடியில் நீராவியாகிறது. கொள்ளளவு ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருகும். அந்த வேகத்தில் எரியும் மெழுகைத் துளித் துளியாக மேலே வீசுகிறது.

ஆகவே, எந்தத் தரமானாலும் மெழுகுப் பாத்திரம் அடுப்பின் மேல் நேராக உட்காரக் கூடாது. கீழே தண்ணீர் கொதிக்கும் பாத்திரம், அதன் மேல் மெழுகுக் கிண்ணம். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் மெழுகும் தாண்டாது. முழுப் பாதுகாப்பும் இந்தச் சின்ன ஏற்பாட்டில் இருக்கிறது. கீழ்ப் பாத்திரத்துத் தண்ணீர் வற்றிவிட்டால் ஏற்பாடு போயிற்று, எனவே அடுப்பை விட்டு நகராதீர்கள். பக்கத்தில் பொருத்தமான மூடி ஒன்று இருக்கட்டும். தீப்பிடித்தால் மூடியை வைத்துவிட்டு கேஸை அணையுங்கள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மைக்ரோவேவும் வேண்டாம். பாரஃபின் அந்த அலையை அநேகமாக உள்வாங்குவதே இல்லை. மெழுகு கட்டியாகவே கிடக்கக் கிண்ணம் மட்டும் சூடாகும்.

உருகிய மெழுகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பிய்த்து எடுக்கப் பார்க்காமல் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். குழந்தைகளை அன்றைக்குச் சமையலறைப் பக்கம் விடாதீர்கள்.

மார்ச் 18, இரவு

சேர்ப்பு. மேலே மெழுகை மட்டும் சொன்னேன். சாக்லேட்டும் கிண்ணத்துக்குள் வரும்போது கணக்கு வேறு. கறுப்புச் சாக்லேட்டை 50 டிகிரிக்கு மேல் விடக் கூடாது, பால் சாக்லேட்டையும் வெள்ளையையும் 45-க்கு மேல் விடக் கூடாது. விட்டால் மணல் மணலாகத் திரிந்துவிடும். மெழுகோ அதற்கு மேலேதான் உருகும். அதனால் துருவிய மெழுகை முதலில் தனியாக உருக்கி, கிண்ணத்தை இறக்கிவைத்து, சாக்லேட் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். சாக்லேட்டில் இருக்கும் கொக்கோக் கொட்டையின் கொழுப்பான கொக்கோ வெண்ணெயில் மெழுகு கரைந்துகொள்ளும். கிண்ணத்துக்குள் நீராவி ஒரு சொட்டு இறங்கினாலும் சாக்லேட் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பதால், கீழ்ப் பாத்திரத்தைவிட மேல் கிண்ணத்தின் வாய் அகலமாக இருக்க வேண்டும்.

மெழுகைத் தேங்காய்த் துருவியில் துருவினால் அன்று வீட்டில் யார் உங்களைத் திட்டினாலும் நான் பொறுப்பில்லை.

மார்ச் 21

காங்கேயத்திலிருந்து: "எங்கள் ஊரில் செக்குத் தேங்காயெண்ணெய் இருக்க, மெழுகு எதற்கு? ஒரு கரண்டி விட்டால் பளபள என்று இருக்குமே."

இருக்கும், ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற வரைக்கும். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரியிலேயே இளகிவிடுகிறது. கொக்கோ வெண்ணெயோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று இளக்கி, தனித்தனியே இருந்ததைவிட மெத்தென்று ஆகிவிடும். ஐஸ்கிரீம் மேல் ஊற்ற அருமையான பொருள். பங்குனி வெயிலில் தட்டில் வைக்க ஆகாது. ஊர்ப் பெருமைக்காக வேதியியல் விட்டுக்கொடுக்காது.

மார்ச் 22

பழைய சக ஊழியர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, வைண்டிங் வட்டு ஒரு பெட்டி தம்மிடம் இருக்கிறது, வெள்ளை வெளேரென்று இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்கிறார். மச்சான் வேறு, கடையில் 'முழுச் சுத்திகரிப்பு' என்றே அட்டையில் போட்டிருக்கிறார்களே என்கிறார்.

இரண்டும் வேண்டாம். நூலுக்கான வட்டில் வழுக்கலுக்கும் கெட்டித்தன்மைக்கும் வேறு சேர்மானங்கள் போடுவதுண்டு. நம் ஆலைக்கு வந்த சரக்கிலேயே வட்டுக்கு வட்டு கெட்டி மாறும். முழுச் சுத்திகரிப்பு என்பது எண்ணெய்ப் பிசுக்கு குறைவு என்று சொல்கிற சொல், உணவுக்கு ஏற்றது என்று சொல்கிற சொல் அன்று. மருந்துக் களிம்பில் போடும் கெட்டிப் பாரஃபின் இந்திய மருந்துத் தரப் புத்தகமான பார்மகோபியாவின் தரத்தில் வேதிப்பொருள் கடைகளில் கிடைக்கும். சுத்தம் அதில் உண்டு. ஆனால் அதன் நோக்கமும் வேறு. பொட்டலத்தில் உணவுத் தரம் என்றோ உணவுச் சேர்பொருள் எண் 905 என்றோ அச்சிட்டிருக்க வேண்டும், வார்ப்பு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். சாக்கு மூட்டையிலிருந்து உடைத்து எடைபோட்டுத் தருகிற மெழுகுக்குக் கடைக்காரர் சொல்லும் உறுதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பிசியோதெரபி சிகிச்சைக்கு வைத்திருக்கும் மெழுகைப் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். மூட்டு வலிக்காரர்கள் கையை முக்கி எடுத்த மெழுகு. பதில் வேண்டுமா?

மார்ச் 27

பெருந்துறை அம்மணி நேரடியாகக் கேட்கிறார்: "மெழுகு இல்லாமல் என் உருண்டை மண்டபத்தில் நிற்குமா?"

உண்மையைச் சொன்னால், நல்ல சாக்லேட் நிற்காது. கொக்கோ வெண்ணெய் உறையும்போது ஆறு விதப் படிகமாகப் படியக்கூடியது. அதில் ஐந்தாவது விதத்தில் படியவைத்தால்தான் பளபளப்பும் உடைக்கும்போது படக்கென்ற ஒலியும் கிடைக்கும். அதற்காகத்தான் கறுப்புச் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27 வரை ஆறவிட்டு, மறுபடி 31, 32-க்கு ஏற்றுவது. மெழுகு இந்தப் பாட்டையெல்லாம் தவிர்க்க உதவும் குறுக்கு வழி. ஆனால் எத்தனை ஒழுங்காகப் படியவைத்தாலும் அந்த வெண்ணெய் 34 டிகிரியில் உருகும். உருகுவதுதான் அதன் அழகே: வாய்ச் சூடு 37, நாக்கில் வைத்ததும் கரைகிறது. ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரையில் வெயில் 40-ஐத் தொடும். வாயில் கரைய வேண்டும், மண்டபத்தில் கரையக் கூடாது என்றால், மண்டபம் வாயைவிடச் சூடாக இருக்கும் ஊரில் அது நடக்கிற காரியமா?

மெழுகு செய்வது என்ன? மண்டபத்தில் கரையாமல் நிறுத்தும். வாயிலும் கரையாமல் நிறுத்தும். மெழுகு கூடிய உருண்டையைத் தின்றால் மேல்வாயில் ஒரு படலம் ஒட்டிக்கொண்டு, காப்பி குடித்தாலும் போக மறுக்கும்.

மார்ச் 28

ஊட்டிக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் குவித்துவைத்திருக்கும் ஹோம் மேட் சாக்லேட் மட்டும் எப்படி நிற்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். முதலில், அது ஊட்டி. இரண்டாவது, அவற்றில் பலவும் காம்பவுண்ட் எனப்படும் கட்டியை உருக்கி வார்த்தவை. கொக்கோத் தூள், சர்க்கரை, கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் கெட்டியாக்கிய பனைக்கொட்டைக் கொழுப்பு. படியவைக்கும் வித்தை ஒன்றும் வேண்டாம், உருக்கி ஊற்றினால் போதும், தானே பளபளக்கும். கோவையில் பேக்கரிச் சாமான் விற்கும் கடைகளில் கட்டி கட்டியாகக் கிடைக்கும்.

காம்பவுண்ட் மட்டமான பொருள் என்று நான் நினைப்பதில்லை. சாக்லேட் என்று பெயர் சொல்லி அதை விற்பதுதான் மட்டம். அம்மணியின் வேலைக்கு மெழுகைவிட அது மேல். ஆனாலும் 40 டிகிரியில் அதுவும் இளகும், கையில் ஒட்டும்.

மார்ச் 30

மச்சான் தோப்புக்குப் போயிருந்தேன். விஷயத்துக்குச் சம்பந்தம் இல்லாதது, இருந்தாலும் எழுதுகிறேன். கொக்கோப் பழத்தை மனிதன் பறிப்பதற்கு முன் அணில் ஓட்டை போட்டுச் சதையை உறிஞ்சிவிடுகிறது. கொட்டையைத் துப்பிவிட்டுப் போகிறது. நமக்கு வேண்டியது அந்தக் கொட்டைதான், எனவே அணிலும் மச்சானும் தகராறில்லாமல் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை. 2024-இல் உலகச் சந்தையில் கொக்கோ விலை டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியதிலிருந்து அவர் மரத்துக்கு மரம் எண்ணிவைத்திருக்கிறார்.

கொட்டையைச் சதையோடு மூடிவைத்து ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கினால் கிடைக்கும் நொய்யை ஒரு பை கொண்டுவந்தேன். இதிலிருந்துதான் எனக்கு ஒரு யோசனை. செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஏப்ரல் 2

தேன்மெழுகைப் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. கோத்தகிரிப் பக்கம் மலைத்தேன் எடுப்பவர்களிடமிருந்து நல்ல தேன்மெழுகு வருகிறது. உணவுக்கு ஏற்கப்பட்ட மெழுகு அது, எண் 901. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையில் கிடைக்கும் மெழுகான கார்னோபா 903. இரண்டையும் பழங்களின் மேல் பூச நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி இடம் கொடுக்கிறது, பூசியதை அட்டையில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆப்பிளைக் கத்தியால் சுரண்டி வாட்ஸப்பில் பயமுறுத்தும் அன்பர்கள் கவனிக்கவும்.

சாக்லேட்டுக்குள் கலந்தால்? தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், கார்னோபா 80-க்கும் மேல். வாயில் படலம் விழுவதில் பாரஃபினுக்கு இவை தம்பிகள். தேன்மெழுகில் தேன் மணமும் சேர்ந்து வரும், சிலருக்குப் பிடிக்கும். கடை மிட்டாய்களில் கார்னோபாவை உள்ளே கலப்பதில்லை, ஆறிய மிட்டாயை உருட்டும்போது மேலே கண்ணுக்குத் தெரியாத அளவில் மெருகேற்றுவார்கள். வீட்டில் அந்த உருட்டுப் பீப்பாய் கிடையாது.

ஏப்ரல் 6

அந்த யோசனை இதுதான். சாக்லேட்டை வெளியே பூசினால்தானே உருகுகிறது என்று சண்டை? உள்ளே போட்டுவிட்டால்?

கடலை உருண்டை நம் வெயிலுக்கு அஞ்சாத பண்டம். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை அரைக் கிலோ. வெல்லம் கால் கிலோவுக்குச் சற்று மேலே. நான் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை போட்டேன், கரைத்து வடிகட்ட மறக்க வேண்டாம். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கல்லாக உருண்டு, தட்டில் போட்டால் கணீரென்று ஒலிக்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகு சலித்த கொக்கோத் தூள் 25 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கை கொக்கோ நொய், கடைசியாகக் கடலை. அடுப்பு எரியும்போதே தூளைப் போட்டால் கருகிக் கசக்கும். கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூடாக இருக்கும்போதே உருட்டுங்கள்.

நொய் கிடைக்காவிட்டால் தூள் மட்டும் போதும், இனிப்பில்லாத தூளாக இருக்க வேண்டும். சாக்லேட் பானப் பொடி ஆகாது.

நல்ல கறுப்பு, நல்ல மணம், மொட்டை மாடியில் உச்சி வெயிலில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. எறும்பு வந்தது.

ஏப்ரல் 7

"இது சாக்லேட் இல்லையே" என்று எழுதிய அன்பருக்கு: ஆமாம், இல்லை. மெழுகு ஏழில் ஒரு பங்கு இருப்பது மட்டும் சாக்லேட்டா?

ஏப்ரல் 9

தொடக்கத்தில் எழுதியதை இப்போது திரும்பிப் படித்தால், உணவுத் தர மெழுகு கிடைத்தால் போடலாம் என்ற தொனி அதில் இருக்கிறது. இன்று கேட்டால், போடுவதானாலும் நூறு கிராம் சாக்லேட்டுக்கு இரண்டு, மூன்று கிராமுக்கு மேல் வேண்டாம் என்பேன். அந்த அளவில் அது வெயிலுக்குத் துணை நிற்காது, பளபளப்புக்கு மட்டும் உதவும். பளபளப்புக்காக மட்டும் கச்சா எண்ணெய் வழி வந்த பொருளைத் தேடி அலைய எனக்கு இப்போது பொறுமை இல்லை. ஆசைப்படுகிறவர்கள் செய்யுங்கள். அமெரிக்காவில் தலைமுறையாகத் தின்கிறார்கள், ஒன்றிரண்டு உருண்டையால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் காசுக்கு விற்பவர்கள் மெழுகு சேர்த்திருந்தால் அட்டையில் எழுதித்தான் ஆக வேண்டும். காம்பவுண்டுக்கும் அதே பேச்சு. அதற்கு முன், விற்பனைக்குச் செய்யும் பண்டத்தில் பாரஃபினைச் சேர்க்க அனுமதி உண்டா என்று உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். பழத்துக்கு இடம் கொடுத்த மெழுகுகளில் பாரஃபின் இல்லை என்பதை மேலே பார்த்தோம்.

ஏப்ரல் 16

அம்மணி இரண்டுமாகச் செய்வதென்று முடிவு கட்டியிருக்கிறார். தட்டில் அடுக்கக் கொக்கோக் கடலை உருண்டை. அக்காவின் ஆசைக்காகக் காம்பவுண்டில் முக்கியெடுத்த உருண்டை கொஞ்சம், அதைப் பந்தியில் மட்டும் கொடுப்பதற்கு.

முக்கியெடுத்த உருண்டையை மண்டபத்துக்கு எடுத்துப்போகும் வழி: தெர்மாகோல் பெட்டி, அடியில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்கள், மேலே துண்டு, அதற்கும் மேலே காற்றுப் புகாத டப்பாவில் உருண்டை. மண்டபத்தில் டப்பாவை உடனே திறக்காமல் சிறிது நேரம் வெளியே வைத்திருங்கள். ஜில்லென்று இருக்கும்போதே திறந்தால் காற்றின் ஈரம் மேலே முத்து முத்தாகப் படிந்து, சர்க்கரையைக் கரைத்து, காய்ந்த பிறகு வெள்ளை பூத்துவிடும். பூஞ்சை என்று நினைத்து யாராவது தூக்கிப் போடுவார்கள்.

ஏப்ரல் 29

காது குத்து முடிந்ததாம். கடலை உருண்டை தட்டோடு காலி. முக்கியெடுத்த உருண்டையில் பாதி பெட்டியிலேயே மறந்துபோய், மாலையில் திறந்தால் எல்லாம் ஒரே உருண்டையாகச் சேர்ந்திருந்ததாம். பெரியம்மா ஒருவர் அதைக் கத்தியால் வெட்டிப் பங்கு வைத்திருக்கிறார். அக்காவுக்கு வீடியோ அனுப்பியாயிற்று.

மே 3

தாராபுரத்திலிருந்து ஒருவர், முன்னே எதையும் படிக்காமல் நேராக மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு, கிண்ணத்தை எப்படிக் கழுவுவது என்று கேட்கிறார். சமையலறைத் தொட்டியில் கொதிநீர் விட்டுக் கழுவாதீர்கள், மெழுகு குழாயின் வளைவில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும், பிளம்பர் வரவேண்டியிருக்கும். கிண்ணத்தைக் கொதிநீர் ஆவியில் காட்டி இளகவைத்து, பழைய செய்தித்தாளால் துடைத்தெடுத்துக் குப்பையில் போடுங்கள். எஞ்சியதற்குச் சூடான தண்ணீரும் சோப்பும் போதும். துடைத்த தாளை அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம்.